றக்வான மலையில் மரியாவுக்கான நோன்பு

திண்டுக்கல் நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷமாகத் தட்டச்சராக இருக்கிறேன். சாட்சிகள் சொல்வதை அடித்து அடித்து ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டிருக்கிறது. மூன்று பேர் ஒரே செய்தியை ஒரே வார்த்தையில் சொன்னால், முந்தின நாள் யாரோ அவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இலங்கைக்குக் கிளம்பும்போதும் இந்தப் புத்தியை வீட்டில் விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

போன காரணம் என் தங்கை பிலோமினா. குவைத்தில் நர்ஸ். எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினொன்று; அதற்குப் பிறகு நான்தான் வளர்த்தேன். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பது வயதுவரை இருந்தவள், போன வருஷம் திடீரென்று ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் ஜெயசீலன். அதே ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். இலங்கையில் றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். எங்களைப் போலக் கத்தோலிக்கர். நாற்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். இந்தக் கடைசி விவரம்தான் எனக்கு உறுத்தியது.

எங்கள் பங்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டுமானால், மாப்பிள்ளைக்கு முன்பு திருமணம் நடக்கவில்லை என்று அவருடைய பங்குத் தந்தை கடிதம் தர வேண்டும். நான்கு மாதமாகியும் அந்தக் கடிதம் வரவில்லை. கேட்டால் "வரும்க்கா" என்பாள். ஜெயசீலனிடம் பேசுகிறேன் என்றால் டியூட்டியில் இருக்கிறார். வீடியோவில் வாயேன் என்றால் நெட் சரியில்லை. யாரோ என் தங்கையைப் பொய் சொல்லப் பழக்குகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

தவக்காலத்தின் நான்காவது வாரம் லீவு போட்டேன். பிலோவிடம் வேளாங்கண்ணிக்குப் போவதாகச் சொன்னேன். பாதர் இல்லாத நாளில் தோட்டத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாருடைய எண்ணைத் தேடிப் பிடித்து, இரண்டு நாளில் வருகிறேன் என்று மட்டும் தகவல் கொடுத்தேன். அந்த இரண்டு நாள் அவகாசம் கொடுத்தது தவறு என்று பிற்பாடு தோன்றியது.

வியாழக்கிழமை இரத்தினபுரியில் பஸ் ஏறினேன். பலகையில் எல்லாம் சுழித்துச் சுழித்துச் சிங்களம். நடத்துநரிடம் "றக்வான?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் ஏறியது எம்பிலிப்பிட்டிய பஸ் என்று தெரிந்தது. ஒரு சந்தியில் இறக்கிவிட்டார்கள். நல்ல வெயில். ஒரு கடை, ஒரு நாய், ஒரு வாழைக்குலை, அவ்வளவுதான்.

எனக்குப் பின்னாலேயே இன்னொருவரும் இறங்கினார். வெள்ளைத் தொப்பி, கையில் துணிப் பொதி. "றக்வானைக்குத்தானே? நானும் அங்கதான் போறன். இங்க நில்லுங்க, பஸ் வரும்" என்று தமிழில் சொன்னார். றக்வான டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரி. எந்தத் தோட்டம், யார் வீடு என்று கேட்டார். ஜெயசீலன் பெயரைச் சொன்னேன்.

"ஆ, ஜெயசீலன். தங்கமான புள்ள" என்றார். பிறகு நான்கு எட்டு தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்து மெதுவாகப் பேசினார். பேசும்போது என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

கடையில் அவரே பிளேன்டீ வாங்கித் தந்தார். சர்க்கரை போடாத கறுப்புத் தேநீர். உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்ச வேண்டும். எங்கள் ஊர்ப் பால் டீயைக் கொதிக்கவைத்துச் சாகடிக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் முன்பின் தெரியாத ஆள் எதற்கு டீ வாங்கித் தருகிறார் என்ற எண்ணத்தோடுதான் குடித்தேன்.

றக்வான போகிற வழி ஏறிக்கொண்டே இருந்தது. வளைவுக்கு வளைவு ஓட்டுநர் ஹார்ன் அடிப்பதும், எதிரே வருகிற லாரி பின்வாங்குவதும், பஸ்ஸில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காததும் எனக்குப் புதுசு. கொடைக்கானல் பாதையில் நாங்கள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போவோம்.

டவுனில் உபதேசியார் திரீவீலரோடு, நம் ஊர் ஆட்டோதான், காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு. பகலில் தேயிலை ஃபேக்டரியில் வேலை, மற்ற நேரத்தில் கோயில். நான் எந்த பஸ்ஸில் வருவேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. "எப்படி அண்ணே சரியா நிக்கிறீங்க?" என்றேன்.

"இந்த நேரந்தான் பஸ்ஸு வரும்ங்க" என்றார். நான் வரவேண்டிய பஸ்ஸில் வரவில்லையே என்று நான் சொல்லவில்லை, மனதில் குறித்துக்கொண்டேன்.

ஜெயசீலனின் அம்மா சூசையம்மா லயத்து வாசலில் நின்றிருந்தார். லயம் என்பது பத்துப் பன்னிரண்டு வீடுகளை ஒரே கூரைக்குக் கீழே ஒட்டவைத்த வரிசை. அறுபத்தைந்து வயதிலும் முதுகு நிமிர்ந்த பெண். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. "வாங்கம்மா. பாத கஷ்டமா இருந்திச்சா?" என்று என் பையை வாங்கினார். தேங்காய்ப்பூ ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் வைத்தார். அவர் சாப்பிடவில்லை.

"நீங்க?"

"இன்னைக்கி எனக்கு ஒருசந்திங்க. நீங்க சாப்பிடுங்க."

எங்கள் ஊரில் தவக்காலம் என்றால் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, அவ்வளவுதான். அன்றைக்கும் பனீர் பிரியாணிக்கு வரிசை நிற்கும். வியாழக்கிழமை ஒருசந்தி இருக்கும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் வெறும் தேநீரோடு சாயங்காலம்வரை. வேண்டுதல் ஏதாவதா என்று கேட்டேன். "சும்மாதாங்க" என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

வீட்டுக்குப் பின்பக்கம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சிறிய அறை ஒன்று இருந்தது. பூட்டியிருந்தது. பின்னால் கை கழுவப் போனபோது ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். புதுக் கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, மூலையில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. மேசைமேல் ஒரு படச்சட்டம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. சூசையம்மா தனியாக வாழ்கிறவர். அந்தச் செருப்பு அவர் காலுக்குச் சின்னது.

சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். தேயிலைச் சரிவின் உச்சியில் தகரக் கூரை போட்ட அந்தோனியார் கோயில். முப்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். செபமாலை முடிந்ததும் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். வரிசையில் நெற்றியில் விபூதியோடு ஒரு பெண்ணும் நின்றாள். பக்கத்து வீட்டுப் பார்வதி, கொழுந்து பறிப்பவள், சைவ சமயம் என்று உபதேசியார் சொன்னார். "அவங்களும் வருவாங்க. இங்க அப்புடித்தான்."

எல்லோரும் கஞ்சி குடிக்கும்போது நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா சொரூபத்தின் காலடியில் மெழுகு உருகி வழிந்து காய்ந்திருந்தது. அந்த மெழுகுக்கு நடுவே ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. அங்கே ஏதோ ஒரு படம் நாள்கணக்கில் நின்றிருக்கிறது. நான் வருவதற்கு முன்னால் அதை எடுத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஃபேக்டரிச் சங்கு ஊத, பெண்கள் கூடையோடு மலைக்குப் போய்விட்டார்கள். நான் லயத்தில் இருந்த வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் காசநோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒருவர், "ஜெயசீலனா? தங்கமான புள்ள" என்றார். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், "தங்கமான புள்ளைங்க" என்றார். துணிக்கடைக்காரரோடு சேர்த்தால் மூன்று. என் விரல்கள் மேசை இல்லாமலே தட்டச்சு அடிக்க ஆரம்பித்தன.

சூசையம்மாவிடம் நேராகவே கேட்டேன். "இவ்வளவு தங்கமான பிள்ளைக்கு இத்தனை வருஷமா ஏன் கல்யாணம் பண்ணல?"

"அவங்கப்பா படுத்துட்டாருங்க. பதினொரு வருஷம். ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் வெளிநாடு போனான். வயசு போயிருச்சு." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பதில் சரியாகத்தான் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பியதுதான் சரியாக இல்லை.

அன்று மாலை சிலுவைப்பாதை. கீழ் லயத்தில் தொடங்கி, தேயிலைக்கு நடுவே செதுக்கிய படிகளில் ஏறிக் கோயில்வரை. மரங்களில் நிலைக்கு ஒன்றாகப் பதினான்கு மரச் சிலுவைகள் அறைந்திருந்தன. நான்கு மணிக்கு ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் வழுக்கியது, அட்டைகள் புல் நுனியில் தலைதூக்கி நின்றன. பார்வதி என் கணுக்காலில் சோப்பைத் தேய்த்துவிட்டாள். "இதப் போட்டா அட்ட ஏறாதுங்க." ஏறியது. இரண்டாம் நிலையில் ஒன்று, ஐந்தாம் நிலையில் ஒன்று.

கீழே உள்ள கிராமத்திலிருந்து ரப்பர் பால் எடுக்கும் சிங்களக் குடும்பங்களும் வந்திருந்தன. ஒரு நிலையைத் தமிழில் வாசித்தால் அடுத்ததைச் சிங்களத்தில் வாசித்தார்கள். எல்லோரும் இரண்டுக்கும் பதில் சொன்னார்கள். அந்தச் சேற்றில் எல்லோரும் முழந்தாள் இட்டார்கள். எங்கள் கோயிலில் முழந்தாள் இட மெத்தை வைத்த பலகை உண்டு. நான் பாதிதான் குனிந்தேன்.

நான்காம் நிலை, இயேசு தம் தாயைச் சந்திக்கும் இடம். அதை வாசிக்க வேண்டியது சூசையம்மா. வாசித்து முடித்தவர், பழக்கத்தில் வந்துவிட்டதுபோல, "வெளிநாட்டுல இருக்கிற எங்க மரியாவுக்காக ஒரு அருள்நிறை மந்திரம்" என்றார். முப்பது நாற்பது குரல்கள் உடனே எழுந்தன. உபதேசியார் மட்டும் இருமினார். சூசையம்மா என்னைப் பார்த்தார், கண்ணில் பயம்.

கோயிலுக்கு வந்ததும் உபதேசியாரிடம், "யாரண்ணே மரியா?" என்றேன்.

"மாதாவத்தாங்க சொல்றாங்க."

மாதா எந்த வெளிநாட்டில் இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கம் போய், கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது இரண்டு வார்த்தை. ஒன்று மரியா. இன்னொன்று நங்கி. பிறகு பார்வதியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் நங்கி என்றால் என்ன என்று கேட்டேன். தங்கச்சி என்றாள். ஜெயசீலனுக்குத் தங்கை கிடையாது. அப்படியானால் அந்த மரியாவை என்னிடம் தங்கை என்று சொல்லி ஒப்பேற்றப் போகிறார்கள் என்று தீர்மானித்தேன்.

எல்லோரும் கஞ்சிக்குப் போன சமயம் கோயில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குவதைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் "மரியாவுக்காக" என்று பட்டையாக எழுதியிருந்தது. கீழே தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிவரை ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும், நாளுக்கு இரண்டு பெயர். சிங்களப் பெயர்களும் இருந்தன. வியாழக்கிழமைகளில் எல்லாம் சூசையம்மா. செவ்வாய்க்கிழமைகளில் பார்வதி. ஒரு தோட்டமே முறைபோட்டு ஒரு பெண்ணுக்காகப் பட்டினி கிடக்கிறது. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் கதை முழுசாக வந்துவிட்டது. மரியா ஜெயசீலனின் மனைவி. வீட்டு வேலைக்கென்று வெளிநாடு போய் எங்கேயோ மாட்டிக்கொண்டவள். ஊர் அவளுக்காக நோன்பிருக்கிறது. இவன் என் தங்கையோடு குவைத்தில் கல்யாணம் பேசுகிறான். பூட்டிய அறை, சின்னச் செருப்பு, கவிழ்த்த படம், வராத கடிதம், எல்லாம் அதற்குள் அடங்கின. ஒரு துளி சந்தேகமும் மிச்சமில்லை. சந்தேகமே இல்லாமல் போகும்போதுதான் பயப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை பையைக் கட்டினேன். ஆனால் பேசாமல் போக மனம் வரவில்லை. மறுநாள் தவக்காலத்தின் ஐந்தாவது ஞாயிறு. அதற்கு முன்பு சொரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூட வேண்டும். அரை நாள் வேலை முடிந்து பெண்கள் கோயிலில் கூடியிருந்தார்கள். துணிக்கடைக்காரரும் ஊதாத் துணிக் கட்டோடு வந்து வாசலில் நின்றிருந்தார். பார்வதி ஏணியில் ஏறி அந்தோனியாரை மூடிக்கொண்டிருந்தாள், வாயில் இரண்டு ஊசி.

நான் நடுவில் போய் நின்று போனை நீட்டினேன். "இந்த மரியா யாருன்னு யாராவது சொல்றீங்களா?"

உபதேசியார், "அம்மா, நாளைக்கி பாதர் வரட்டும்..." என்று ஆரம்பித்தார்.

"பாதர் வந்து என்ன சொல்லுவார்? ஜெயசீலனுக்குக் கல்யாணம் ஆகலன்னா? பொண்டாட்டிக்காக ஊரே நோன்பு இருக்கீங்க. என் தங்கச்சிய ஏமாத்துறதுக்கு நாப்பது நாள் பட்டினி கெடந்து சாமியையும் கூட்டுச் சேத்துக்கிறீங்க."

சொன்ன பிறகு என் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி எனக்கே கேட்டது. சூசையம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பார்வதி ஊசிகளை எடுத்து மடியில் குத்திக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினாள். "இவங்க எல்லாரும் சொல்ல மாட்டோம்னு பீடத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டாங்க. நான் வேதக்காரி இல்ல. நான் பண்ணல" என்றாள். பிறகு என் எதிரே வந்து நின்றாள். "மரியா ஒங்க தங்கச்சிதாங்க."

எனக்கு உடனே புரியவில்லை. "என் தங்கச்சி பிலோமினா."

"ஆஸ்பத்திரியில மரியான்னுதான் கூப்புடுறாங்களாம். பாஸ்போட்டுல மரிய பிலோமினாதானே. ஜெயசீலனும் அப்புடித்தான் சொல்லும்."

எங்கள் வீட்டில் ஞானஸ்நானப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. முன்னால் மரிய போடாத பெண்ணே எங்கள் தெருவில் கிடையாது. அது ஒரு பெயர் என்றே நான் நினைத்ததில்லை.

"அவளுக்கு என்ன?" என்றேன்.

பதிலைச் சூசையம்மாதான் சொன்னார். மார்பில் கட்டி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆபரேஷன் முடிந்துவிட்டது. மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால் கடைசிப் பரிசோதனை. கடிதத்தைப் பாதர் எப்போதோ எழுதிவிட்டார். அனுப்ப வேண்டாம் என்றது பிலோதான். ரிசல்ட் வந்த பிறகு, ஜெயசீலன் வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் சொல்லிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறாள். நான் வருகிறேன் என்று தெரிந்த அன்றே போன் செய்து, அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருக்கிறாள். நான் பஸ் மாறி ஏறியதைப் பார்த்துத் தானும் ஏறியவர் துணிக்கடைக்காரர். இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்து, என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி உபதேசியார் அவரிடம் சொல்லியிருந்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு மறைக்காம சொல்றேன்" என்றார் சூசையம்மா. "மொதல்ல எனக்குப் புடிக்கல. நோயாளிப் புள்ளைய எதுக்குடா கட்டுறேன்னு மகன்கிட்ட சண்ட போட்டேன். ரெண்டு வாரம் பேசல. அப்புறம் அவரு படுத்துக்கிட்டிருந்த பதினொரு வருசத்த நெனச்சேன். என்னைய யாரும் விட்டுட்டுப் போன்னு சொல்லலியே. அந்தப் பாவத்துக்குத்தான் நோன்பு ஆரம்பிச்சேன். மத்தவங்க அவங்களா சேந்துக்கிட்டாங்க."

பார்வதி துணியை மடித்துக்கொண்டே, "எனக்குச் செவ்வாக்கெழம வசதிங்க. எப்புடியும் முருகனுக்கு இருக்கிறதுதான்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டதாகப் பார்வதி பிறகு சொன்னாள். பூட்டிய அறையைத் திறந்து, கவிழ்த்திருந்த படத்தை எடுத்துக் கொடுத்தார்கள். தலையில் பூப்போட்ட துண்டு கட்டி, கன்னம் ஒட்டி, சிரித்துக்கொண்டிருந்தாள் என் தங்கை. அந்த அறை அவளுக்காகக் கட்டியது. செருப்பு அவளுக்காக வாங்கி வைத்தது.

போன் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்கு மேலே உள்ள பாறையில் மட்டும். சூசையம்மா என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டார். அடித்தேன். எடுத்ததும் பிலோ, "வேளாங்கண்ணி எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"பிலோ, எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அவள் வீடியோவைப் போட்டாள். துண்டு இல்லாத தலையோடு முதல் தடவையாக அவளைப் பார்த்தேன்.

"ஏன்டி சொல்லல?"

"அம்மாவுக்கு இதே நோய் வந்தப்ப நீ என்கிட்ட சொன்னியா? வயித்துவலின்னு சொன்ன. ஆஸ்பத்திரிக்கு ஸ்கூல் யூனிபார்மோட வந்து நின்னேன், யாரும் உள்ள விடல. அப்பத்தான் தெரியும் எனக்கு."

அவளுக்குப் பதினொரு வயது, தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். இருபத்தொன்பது வருஷமாக அது சரியென்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பாறையில் நின்றபடி அதை அவளிடம் சொல்ல முயன்றேன். "தப்புதான்டி" என்று மட்டும் வந்தது.

"நான் உன்னைப் பழிவாங்கல. நீ கேள்வி மேல கேள்வி கேப்ப. எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்ல, அதான்" என்றாள். போன் கை மாறியது. ஜெயசீலனை அப்போதுதான் பார்த்தேன். நரைத்த மீசை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. "அக்கா, சொல்லிருவோம்னு நான் எவ்வளவோ சொன்னேங்க. அவங்க கேக்கல" என்றார். தயாராக வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்றேன். அன்றைக்கு அவருடைய முறை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்தார். சிங்களவர், இளைஞர், மோட்டார் சைக்கிளில் சேறு தெறிக்க வந்து இறங்கினார். தமிழ்ப் பூசையை நோட்டில் சிங்கள எழுத்தில் எழுதி வைத்து வாசித்தார். உச்சரிப்பு உடைந்தாலும் நிறுத்தாமல் வாசித்தார். நற்கருணை வாங்குமுன் அவரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நான் சொன்னதில் அவருக்கு எவ்வளவு புரிந்திருக்குமோ தெரியாது. பூசை முடிந்ததும் கடித உறையை என்னிடம் கொடுத்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். உபதேசியார் தமிழில் சொன்னார்: "தங்கச்சி கேட்டா குடுங்க, கேக்காட்டி வச்சுக்கங்கன்னு சொல்றாரு."

ஞாயிறு நோன்பு கிடையாது. கோயில் வாசலில் எல்லோருமாகச் சாப்பிட்டோம். பலாக்கொட்டைக் கறி, பருப்பு, கட்டைச் சம்பல். சூசையம்மா என் தட்டில் இரண்டாம் தடவை சோறு வைத்தார். முந்தின நாள் நான் பேசியதைப் பற்றி அந்த வாசலில் ஒருவர்கூட எடுக்கவில்லை. அதுவும் பேசி வைத்துச் செய்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

திங்கட்கிழமை கிளம்பினேன். இந்த முறை சரியான பஸ்.

பெரிய வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் நீதிமன்ற வராந்தாவில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பிலோ. "அக்கா, இப்பத்தான் பேப்பர் கைக்கு வந்துச்சு. இன்னும் அவர்கிட்டகூடச் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல." கட்டி எங்கேயும் பரவவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். கடிதத்தை எங்கள் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிடச் சொன்னாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் நான் அழுவதைப் பார்த்து யாரோ செத்துவிட்டதாக நினைத்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு சூசையம்மாவுக்கு அடித்தேன். மூன்றாவது தடவைதான் கிடைத்தது. செய்தியைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கத்திச் சொல்வதும், பெண்கள் சத்தமும் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் பேசினார்.

"ஆனா ஈஸ்டர் வரைக்கும் நாங்க விட மாட்டோம்ங்க. எடுத்தத முடிக்கணும். இன்னைக்கிப் பார்வதி முற. இன்னும் அவ ஒண்ணும் திங்கல, மலையில நிக்கிறா."

சரி அத்தை என்றேன். சாப்பிடாமலே டப்பாவை மூடி, ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தேன். இரண்டு மணிக்கு மணி அடித்தது. உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.